பதினொன்றில் இரண்டு குறைகிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். மகளும் சௌக்கியம், டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அணைக்கட்டு வேலையில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இந்தக் குடும்பத்தில் நான் நம்புகிற ஒரே ஆள் நீங்கள்தான். போனில் பேசினால் மகள் காதில் விழும் என்பதால் கடிதம்.

விஷயம் நம் காரைப் பற்றியது. பிரசவ ஆஸ்பத்திரி மலைமேல் இருப்பதால், பழைய எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யக் கொடுத்தேன். உள்ளே வரும் காற்றையும் பெட்ரோலையும் எஞ்சின் எத்தனை மடங்கு அமுக்குகிறதோ அத்தனை இழுவை என்று பத்திரிகையில் படித்திருந்தேன். பந்தயக் காருக்குப் பதினொரு மடங்காம். அதையே வையுங்கள் என்றேன். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "பம்புல கிடைக்கிற பெட்ரோலுக்கு ஒன்பதுதான் சார் தாங்கும். அதுக்கு மேல போனா ஏத்தத்துல முன்னாடியே பத்திக்கிட்டு டக்கு டக்குன்னு அடிக்கும், பிஸ்டன் ஓட்டையாயிடும்" என்றார். முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். பதினொன்று கேட்டவனுக்கு ஒன்பதை நிறுத்துக் கொடுக்கிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்? மீதி இரண்டு யார் காருக்குப் போகிறது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள், சரி சார், பதினொன்றே வைத்துவிடுகிறேன் என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது.

அன்றிலிருந்து பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அந்த ஆள் எஞ்சினின் மேல்மூடியை, ஹெட் என்கிறார்கள், கவிழ்த்து, மேலே கண்ணாடியை வைத்து மூடி, ஊசி போடுகிற குழாயால் மண்ணெண்ணெய் விட்டு, குழியில் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கிறார்; குழி சின்னதானால் அமுக்கம் கூடுமாம். எஞ்சினுக்கு எதற்கு ஊசி? என்னுடைய அளவுக் குவளையைக் கொண்டுபோய்த் திரும்ப அளக்கச் சொன்னேன், அளந்தார், இம்மி பிசகவில்லை, அதிலிருந்து சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாவற்றையும் மூடி போல்ட்டை முடுக்கியாகிவிட்டது. என்ன அவசரமாம்? இப்போது கார் பூனை மாதிரி ஓடுகிறது. பதினொன்று வைத்த கார் இப்படியா ஓடும்? உங்கள் அத்தை, ஓடுகிறதல்லவா, விடுங்களேன் என்கிறாள். அவளுக்கும் ஏதோ தெரியும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே லீவு போட்டு வந்து அந்த ஆளை நாலு கேள்வி கேளுங்கள். நீங்கள் இன்ஜினீயர், உங்களிடம் கதை விட முடியாது. சகல சௌபாக்கியங்களும் பெற்று வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகளுக்கு வலி வந்துவிட்டது. கார் எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு முனகல் இல்லாமல் மலை ஏறியது. இறங்கிய பத்தாவது நிமிஷம் உங்களுக்கு மகள் பிறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காரிலேயே ஆகியிருக்கும் என்றார் நர்ஸ். மெக்கானிக்குக்குப் போன் செய்து, நீங்கள் வைத்த பதினொன்றுதான் காப்பாற்றியது என்று அழுதேன். அவரும் மனசு கேட்காமல் சொல்லிவிட்டார்: "ஒன்பதுதான் சார் வச்சேன். உங்க மாப்பிள்ளைதான் போன் பண்ணி, வாயால பதினொண்ணுன்னு சொல்லிட்டு ஒன்பதே வைங்கன்னாரு." அத்தைக்கும் மகளுக்கும் தெரியுமாம். குடும்பமே சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள் மாப்பிள்ளை. நன்றாயிருங்கள்.