சதுக்கத்தில் ஒரு சிவப்பு அங்கி

எங்கள் வெனிஸில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகிக் கிடப்பது, படத்துக்குள் பாட்டனாரைக் கண்டுபிடிக்கும் இனம். அடையாளம் காண்பது சுலபம். கூடத்தில் சான் மார்கோ சதுக்கத்தின் பழைய ஓவியம் தொங்கும். மணிக்கூண்டு, தேவாலயம், தூண் வரிசை எல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்கும். கீழே, தரையில், அரிசிமணி அளவில் மனிதர்கள். அதில் ஒரு மணி இவருடைய மூதாதை. வந்தவர் கோட்டைக் கழற்றுவதற்குள் கையில் பூதக்கண்ணாடி திணிக்கப்படும்.

"மூணாவது தூண் பக்கத்துல, செவப்பு அங்கி. மூக்கைப் பாருங்க, அப்படியே என் மூக்கு!"

அரிசிமணிக்கு ஏது மூக்கு? கேட்டால் அந்த வீட்டில் உங்களுக்குக் காப்பி கிடையாது.

நர்ஸாக நான் பார்த்துக்கொண்ட ஸக்காரியா ஐயா இந்த இனத்தின் சிகரம். கால் வீங்கிக் கிடந்த அவரை எழுந்து நிற்கவைக்க மருத்துவர் முயன்று தோற்றார்; நானும் தோற்றேன். ஆனால் புது ஆள் வாசல் மணியை அடித்தால் போதும், தன் சிவப்பு அங்கி மூதாதையைக் காட்டக் கைத்தடியை மறந்து நேரே படத்தடிக்கு நடப்பார். கால் வீக்கத்தை வடியவைக்கும் சிவப்புப் புள்ளியை நான் ஏன் கேலி செய்கிறேன்?

பேத்தி ஓர்சோலா ஒருநாள் தன் காதலன் எர்மெதேயை அழைத்துவந்தாள். தாத்தா தலையாட்டாமல் கல்யாணம் இல்லை என்பது அவள் பிடிவாதம். பையனோ பாலத்துக்கு அந்தப் பக்கம், கரையிலுள்ள மேஸ்த்ரே ஊர்க்காரன்; அதுவே பாதிக் குற்றம். மீதியை, பூதக்கண்ணாடியில் சிவப்பு அங்கியைப் பார்த்து, அவனே செய்தான்.

"தாத்தா, இது துடைப்பம். தூண்ல சாத்தி வெச்சிருக்காங்க."

அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் எழவில்லை. சூப்பும் இறங்கவில்லை. முதுகு சிவக்கத் தொடங்கியது. இப்படியே கிடந்தால் புண் வரும். பிறகு அந்த வீட்டில் நடப்பது கல்யாணமாக இருக்காது.

பையனைக் கூப்பிட்டேன். "ஏண்டா, உனக்கு ஓர்சோலா வேணுமா, துடைப்பம் வேணுமா?"

"ஓர்சோலாதான் நர்ஸம்மா. ஆனா துடைப்பத்தைப் போய் எப்படி..."

"அதை விடு. படத்துல உன் ஆளைத் தேடு."

மறுநாள் கூடத்தில் நின்று கத்தினான்: "அட! செவப்பு அங்கிக்குப் பின்னால குடை பிடிக்கிறது எங்க முப்பாட்டன்! காதைப் பாருங்க!"

உள்ளேயிருந்து குரல்: "மேஸ்த்ரேக்காரனுக்குச் சதுக்கத்துல என்ன வேலை?"

"படகுல வந்திருப்பாரு தாத்தா."

கட்டில் முனகியது. ஐயா வெறுங்காலோடு வந்தார். கண்ணாடியைப் பிடுங்கிப் படத்தைப் பார்த்தார். பையனின் காதைப் பார்த்தார்.

"அதே வெடைச்ச காது! பய குடையை நேராத்தான் பிடிச்சிருக்கான். எங்க குடும்பத்துக்கு உழைச்சவன் வீட்டுப் பிள்ளையா நீ? மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

கல்யாணத்துக்கு நடந்தே போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஸக்காரியா ஐயாவைப் பற்றிப் படிக்கும்போதே, "அட, இது நம்ம பெரியப்பாவேதான்!" என்று உங்கள் வீட்டு மூக்கு ஒன்றை அவர்மேல் ஒட்டினீர்களா, இல்லையா?

பூதக்கண்ணாடியைக் கீழே வையுங்கள்.