எர்காஷின் மூன்று நாள் மௌனம்

பெண் கேட்டு ஆட்கள் வந்து கதவைத் தட்டியபோது, எர்காஷ் மௌன விரதத்தின் இரண்டாம் நாளில் இருந்தார்.

"உள்ள கூப்பிடட்டுமாங்க?" என்று மனைவி ஸெபோ கேட்டாள். அவர் இரண்டு கையையும் ஆட்டி மறுப்பதற்குள் கதவைத் திறந்தும் விட்டாள்.

புகாராவில் எர்காஷின் ஷேர் வேனில் ஏறுகிறவர்கள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பது வழக்கம். அவ்வளவு பேச்சு. அவருக்கு ஒரே மகள், நிகோரா. அவளைக் கேட்டு இதுவரை நான்கு வீட்டார் வந்தார்கள். ஒவ்வொருவரும் மூன்று மணி நேரம் எர்காஷ் பேசுவதைக் கேட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான். எல்லாம் ஊர்க்கண் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

ஐந்தாவதாக, பக்கத்து ஊரான கிஜ்துவானில் பல் டாக்டராக இருக்கும் ஒரு பையன் வீட்டிலிருந்து சேதி வந்ததும் அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தப்பான இடத்தில் கொடுத்துவிட்டால் பெண் காலமெல்லாம் கண்ணைக் கசக்குவாளே! நேரே தன் சூஃபி குருவான ஷெய்கிடம் போய்ப் புலம்பினார்.

"நான் நான்கிற சத்தம் அடங்கினாத்தான் உள்ள இருக்கிற குரல் கேக்கும். மூணு நாள் வாயைத் திறக்காதீங்க," என்று சொல்லி அனுப்பினார் ஷெய்கு.

முதல் நாள் முழுக்க எர்காஷ் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டார். உள்ளே ஒரு குரல் பேசத்தான் செய்தது. 'அடேயப்பா, என்ன மௌனம்! இந்த ஊரில் உன்னைப் போல எவனால் வாயை மூட முடியும்?' என்றது. அது தன் சொந்தக் குரல்தான் என்று கண்டுபிடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.

இப்போது பையனின் அத்தை கும்ரி, இரண்டு பெண்களோடு வந்து விரிப்பில் அமர்ந்தாள். உள்குரல் உத்தரவு தரும்வரை சரி என்றோ இல்லை என்றோ தெரிவிப்பதில்லை என்று எர்காஷ் உறுதியாக இருந்தார். மரியாதைக்கு நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

"பணிவைப் பாத்தியாடி!" என்று கும்ரி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "வாயாடி மனுஷன்னு யாரோ வேணும்னே கட்டி விட்டிருக்காங்க."

'எவன் சொன்னான்?' என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். இவர்களைக் கிளப்பினால் போதும் என்று தேநீரைக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றி நீட்டினார். குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அதற்கு அர்த்தம். புகாராவில் குழந்தைக்கும் அது தெரியும்.

"புரியுது, புரியுது," என்றாள் கும்ரி. "சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாங்கன்னு சொல்றீங்க. எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் குடுங்க."

எர்காஷ் பரபரவென்று ஒரு சீட்டில் 'மூன்று நாள் விரதம், பொறுக்கவும்' என்று கிறுக்கிக் கொடுத்தார்.

கும்ரி அதைக் கண்ணுக்கு எட்டப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள். "கண்ணாடியை வீட்டுலயே வெச்சிட்டேன். மூணுன்னு தெரியுது. மூணு மாசத்துல கல்யாணமா? எங்களுக்கும் அதுதாங்க தோது!" மற்ற இருவரும் எட்டிப் பார்ப்பதற்குள் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

எர்காஷ் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையில் எதையோ அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அடக்கி வைத்த அத்தனை பேச்சும் சேர்ந்து கிளம்பியது. உதடு பிரிந்தே விட்டது. விரதம் போய்விடுமே என்ற பதற்றத்தில் கைக்கு அகப்பட்ட ரொட்டியைப் பிட்டு வாயில் அடைத்துக்கொண்டார்.

"ரொட்டி பிட்டாச்சு!" என்று மூன்று பெண்களும் ஒரே குரலில் கூவினார்கள்.

பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் பெண்ணைப் பெற்றவன் ரொட்டியைப் பிட்டால் நிச்சயம் முடிந்தது. அதற்கப்புறம் பின்வாங்கினால் தெருவில் தலை காட்ட முடியாது. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, எர்காஷின் கண்ணில் நீர் முட்டியது.

"ஆனந்தக் கண்ணீர்!" என்று கும்ரியும் மூக்கை உறிஞ்சினாள். "அண்ணே, உங்களை மாதிரி அமைதியான சம்பந்தி கெடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்."

கதவுக்குப் பின்னால் நின்ற நிகோரா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. என் குழந்தையை அழ வைத்துவிட்டேனே என்று எர்காஷ் தவித்தார். வந்தவர்கள் தெரு முனை தாண்டியதுதான் தாமதம், ஷெய்கின் வீட்டுக்கு ஓடினார்.

ஷெய்கு தொழுகைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி முற்றத்தில் மல்பெரிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்தாள். எர்காஷ் இரண்டு நாள் பாக்கிப் பேச்சையும் அவளிடம் ஒரே மூச்சில் கொட்டினார்.

"மூணு நாள் முடியறதுக்குள்ள ரொட்டியே பிட்டாச்சும்மா! உள்குரல் ஒரு வார்த்தை சொல்லல. எம் பொண்ணு வாழ்க்கை என்னாகும்? எப்படியாவது இந்தப் பேச்சை முறிச்சுடச் சொல்லுங்க!"

அவள் பழத்தைப் புரட்டிப் போட்டபடியே சொன்னாள்:

"உள்குரல் கேக்கணும்னா நாப்பது நாள் ஆகும், தம்பி. இந்த மூணு நாள், 'அந்தப் பல் டாக்டர் வீட்டுக்காரங்க வந்துட்டுப் போற வரைக்குமாவது எங்கப்பா வாயைக் கட்டிப் போடுங்க'ன்னு நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க பொண்ணு வந்து கேட்டு வாங்கிட்டுப் போனது."