விழாத பாதிரியார்

பாதிரியாரின் வலது கை சிலுவையோடு கழன்று கல்யாணசுந்தரத்தின் காலடியில் விழுந்தது.

பெரிய காற்று ஒன்றும் அடிக்கவில்லை. அபுதாபியின் முசஃபாவில் அதைக் காற்று என்றே யாரும் மதிக்க மாட்டார்கள்.

"என்னடே சுந்தரம், சாமியார் உன்னைக் கைவிட்டுட்டாரா?" என்று வந்து நின்றார் ஃபோர்மேன் பத்மநாபன்.

"தெர்மாகோல்ல செஞ்சா வேற எப்படி சார் நிக்கும்?"

"அது எனக்குத் தெரியாது. சினிமாக் கம்பெனி அனுப்பின சாமான் அதுதான். வியாழக்கிழமை வண்டி வரும். சிலை ஏறினாத்தான் உன் பாஸ்போர்ட் உன் கைக்கு வரும்."

வெள்ளிக்கிழமை விமானம். லீவு தள்ளித் தள்ளிப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. அவன் இங்கே வந்த பிறகு பிறந்த அகிலாவுக்கு இரண்டரை வயது. அப்பா என்றால் டெலிபோனுக்குள் இருக்கும் ஒரு சத்தம் என்று அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருந்தது.

கல்யாணசுந்தரம் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவன். விசாவில் மட்டும் சிற்பி. அரியலூர் ஏஜென்ட்டிடம் அன்றைக்கு மிச்சம் இருந்த விசா அதுதான். மூன்று வருடமாக யாரும் அதைச் சீண்டவில்லை. போன வாரம் ஒரு வெள்ளைக்கார சினிமாக் கம்பெனி, பாலைவனத்தில் பழைய ஊர் ஒன்றை செட் போட்டு, ஊர் நடுவில் வைக்க ஒரு சிலை கேட்டது. பத்மநாபன் விசாப் பட்டியலைப் புரட்டினார். சனி பிடித்துக்கொண்டது.

சிற்பி இல்லை என்று சொன்னால் பொய் விசா. கம்பி கட்டினவன் கம்பி எண்ணப் போகவேண்டியதுதான்.

"இவரு யாரு சார்?" என்று, மாதிரிக்குக் கம்பெனி அனுப்பின போட்டோவைக் காட்டிக் கேட்டான்.

"ஸ்பெயின்ல இருந்து கப்பலேறிப் போயி மதம் பரப்பின பாதிரியாராம். ஊர் ஊரா கோயில் கட்டினாராம்."

"அப்புறம் ஊருக்குத் திரும்பிப் போனாரா?"

"எங்க போவ? அங்கனயே செத்துப் போனாரு."

கல்யாணசுந்தரம் போட்டோவைக் கவிழ்த்து வைத்தான்.

கழன்ற கையைப் பசை போட்டு ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசினான். கை கனத்துத் தோள் பிளந்தது. தோளுக்குள் கம்பி செருகினான். பாதிரியார் முன்னால் சாய்ந்து, சாவியைத் தொலைத்தவர் மாதிரி தரையைத் தேடினார். நிமிர்த்தலாம் என்று தலையைப் பிடித்து இழுத்தான். தலை கையோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நாகவள்ளி போன் செய்தாள்.

"பாப்பாவுக்குப் புது கவுன் எடுத்திருக்கேங்க. போட்டு ஏர்போர்ட்டுக்குக் கூட்டியாறேன். வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன் புள்ள" என்றான், பாதிரியாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. போனை வைத்ததும் அழுகை வந்தது. துடைத்துக்கொள்ள இடது கைதான் இருந்தது. வலது கையெல்லாம் பிளாஸ்டர்.

அதற்குமேல் கலை அவனிடம் செல்லாது. தெரிந்த வேலையைச் செய்தான். தெர்மாகோலைக் குடைந்து எடுத்தான். பாதம் முதல் உச்சந்தலை வரை பன்னிரண்டு எம்.எம். கம்பி கட்டினான். சீக்கிரம் இறுகும் மருந்து கலந்து கான்கிரீட் ஊற்றினான். ஐந்து மாடியைத் தாங்கும் தூணுக்கு என்ன போடுவானோ அத்தனையும் போட்டான். இரண்டு நாள் ஈரச் சாக்குச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான்.

வியாழக்கிழமை வண்டி வந்தது. பத்மநாபன் சிலையைத் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். தோள்தான் வலித்தது. பன்னிரண்டு பேர் தூக்கிப் பார்த்து முடியாமல் கிரேன் வரவழைக்கவேண்டியதாயிற்று.

"ஆனையை விட்டு முட்டினாலும் அசையாது சார்" என்றான் கல்யாணசுந்தரம். மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"கெட்டிக்காரன்டே நீ. சிற்பின்னா சிற்பிதான்" என்று பத்மநாபன் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். அதன் ஓரம் அவன் விரலில் பட்டது.

சினிமாக் கம்பெனி லாரி டிரைவர் அம்மார், கீழக்கரைக்காரர், தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடு இறங்கி வந்து சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பத்மநாபனைத் தன் ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"சோக்கா வந்திருக்கு காக்கா! செஞ்சவரையும் கையோட ஏத்தியாரச் சொன்னாங்க. நாளைக்கு சீன்ல ஜனங்க கலகம் பண்ணி, இந்தக் கயித்தைக் கழுத்துல மாட்டி இழுப்பாங்களாம், ஒரே இழுப்புல பாதிரியார் விழுந்து தூள் தூளா நொறுங்கணுமாம்!"