கழிவு வேண்டாம், ஆடிட்டர் சார்!

டமார் என்று மேஜையில் விழுந்த அடியில் மைக்கூடு துள்ளி ஆடிட்டர் வரதனின் வெள்ளைச் சட்டையில் கவிழ்ந்தது.

"கட்ட வேண்டியது ஒண்ணுமில்லையா? யாரைப் பார்த்துச் சொல்றீக?" என்று கத்தினார் நல்லகாமன்.

நல்லகாமன் ரோடு கான்ட்ராக்டர். காளவாசலில் பேரைச் சொன்னால் போதும், வீடு வரை கொண்டு வந்து விடுவார்கள். வரி இல்லை என்று சொன்னதற்காக இப்படிக் கொதித்த மனிதரை வரதன் இதுவரை கண்டதில்லை.

"கோவிச்சுக்காதீங்க. உங்க பில் பாஸாகும்போதே சர்க்கார்ல வரியைப் பிடிச்சுட்டாங்க. வருஷத்து வரியில அதைக் கழிச்சுட்டா, அட்வான்ஸா கட்ட மிச்சமே இல்லை. டிசம்பர் தவணை சைபர்."

"சைபருக்கு பாங்குல சீல் குத்திச் சலான் குடுப்பானா?"

"சலான் எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை எம்மகளைப் பொண்ணு பார்க்க வாராக. மாப்பிள்ளையோட அப்பன் உசிலம்பட்டி ரைஸ்மில்லு காசிமாயன். தரகன்கிட்ட அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், பொண்ணோட அப்பன் வரி கட்டுற ஆளான்னு. நான் வெறுங்கைய நீட்டணுமா? அந்தக் கழிவைக் கழிக்காதீக!"

"அப்படி முடியாது. வருமானம் கூடும்னு எஸ்டிமேட் போட்டாத்தான் கட்ட வழியிருக்கு." சட்டையைத் துடைத்துக்கொண்டே வரதன் வாயை விட்டுவிட்டார்.

"அப்பக் கூட்டுங்க. ரெண்டு மடங்காக்குங்க!"

வருமானம் காகிதத்தில் இரண்டு மடங்கானது. வரியோ அதையும் தாண்டி ஓடியது. பிடித்தம் போக, இந்தத் தவணைக்கு மட்டும் எட்டாயிரம் என்றார் வரதன்.

நல்லகாமன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "கூடக் கட்டினது திரும்பி வருமில்ல?"

"வரும். நீங்க பேரன் எடுத்த பிறகு வரும்."

கையில் காசில்லை. போட்ட ரோட்டுக்கே பாக்கி பில் வரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி ரெங்கம்மாளிடம் பீரோச் சாவியைக் கேட்டார்.

"ஏங்க, அது முத்துத்தாய் கல்யாணத்துக்குன்னு சேர்த்த நகை!"

"கல்யாணம் நடக்கணுமா வேணாமா? அதுக்குத்தாண்டி."

பவுன் ஐந்நூறு ரூபாய் விற்ற காலம். இருபது பவுனும் பழங்காநத்தத்து அடகுக்கடைக்குள் போனது. பாங்கில் பாதி நாள் நின்று, சீல் குத்திய சலானோடு திரும்பினார். வரும் வழியிலேயே அதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டுவிட்டார். கூடத்துச் சுவரில், வந்தவர் கண்ணில் நேரே படும்படி ஆணி அடித்து மாட்டினார்.

முத்துத்தாய் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "ஏப்பா, மாலையும் போட்டு ஊதுபத்தியும் கொளுத்திருவமா?"

"வாயைக் கழுவுடி!"

வெள்ளிக்கிழமை காசிமாயன் தரகரோடு காரில் வந்தார். கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு முத்துத்தாய் காபி கொண்டுவந்தாள். ரெங்கம்மாள் மகளின் முந்தானையை இழுத்து அதை மறைத்துவிட்டாள். ஆனால் காசிமாயனின் கண் பெண்ணின் கழுத்துப் பக்கமே போகவில்லை. சலானிலேயே நின்றது. எழுந்து கிட்டே போய் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"அம்புட்டும் நீங்களா கட்டினதா?"

"நானேதான். யாரும் கேக்கலை, மிரட்டலை. மார்ச்சுத் தவணையும் இருக்கு, சம்பந்தி!"

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசரா!" என்று காசிமாயன் கையெடுத்துக் கும்பிட்டார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்.

"பார்த்தியாடி? கும்பிட்டாரு!" நல்லகாமன் மீசையை முறுக்கினார். ரெங்கம்மாள் பாதிக் காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கார் தெருமுனையில் நின்றது. முதலாளி மறந்துவிட்டுப் போன வெற்றிலைப் பெட்டியை எடுக்க டிரைவர் சோணை ஓடிவந்தான். நல்லகாமன் பெட்டியை நீட்டி, "உங்க மொதலாளிக்குத் திருப்திதானே, தம்பி?" என்றார்.

சோணை தலையைச் சொறிந்தான்.

"வேற வீடு பாருன்னு கார்லயே தரகர்கிட்ட சொல்லிட்டாருண்ணே, 'இருக்கிறது அம்புட்டையும் கவர்மெண்டுக்குக் காட்டிட்ட ஆளுகிட்ட, மகளுக்குச் செய்ய மறைச்சு வச்சது என்னடா இருக்கும்'னு கேக்குறாரு."