முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் முந்திய கணினி

தன் கல்யாணத்தில் தானே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு யாரும் பெண் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போது சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். என் அண்ணன் கல்யாணத்தில் மண்டபக் கடிகாரம் ஒரு நேரம், ஐயர் வாட்ச் ஒரு நேரம் காட்டி, இரு வீட்டாரும் சண்டை பிடித்தார்கள். என் கல்யாணத்தில் அது நடக்காது என்று சபதம் எடுத்தேன். மேடைக்கு எதிரே பெரிய திரை, அதில் நொடி பிசகாத நேரம்!

கடையிலிருந்து கொண்டுபோன கம்ப்யூட்டருக்கு உள்ளே பேட்டரி செத்திருந்தது. அணைத்துப் போட்டால் அதன் கடிகாரம் பழைய வருஷத்துக்கே போய்விடும். அதனால் ஆன் ஆனதும் இண்டர்நெட்டில் நேரம் எடுக்கும்படி செய்திருந்தேன். அன்று காலை அதை ஆன் செய்து, கழுத்தில் மாலையோடு, ஒரு கையால், எந்த ஊர் நேரம் வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் சென்னை இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தேன். (தேர்ந்தெடுத்ததாக நினைத்தேன்.) செல்போனை வைத்து ஒப்பிட்டேன். நொடி அச்சாகப் பொருந்தியது. நிமிடத்தைப் பார்க்கவில்லை. நொடியே சரி என்றால் நிமிடம் எங்கே போய்விடும்?

திங்கட்கிழமை. ஒன்பது வரை ராகு காலம், ஒன்பது ஐந்துக்குத் தாலி. திரையில் 9.05 வந்தது. கெட்டிமேளம் முழங்கியது. ஐயர் தாலியை என் கையில் கொடுத்தார். அட்சதை மழையாக விழுந்தது. பக்கத்தில் குனிந்திருந்த மணப்பெண் கோமதி மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க, என் வாட்ச்சுல எட்டு அம்பதுதான் ஆவுது."

"உன் வாட்ச் ஸ்லோ. இது இண்டர்நெட் நேரம்" என்றேன். மணமேடையில் நான் அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அதற்குள் அவளுடைய மாமா செல்போனோடு மேடையேறிவிட்டார். "மாப்ள, ராகு காலம் இன்னும் போவலியே. எல்லார் போன்லயும் எட்டு அம்பதுதான் காட்டுது."

கீழே கம்ப்யூட்டரைப் பார்க்கப் போன என் தங்கை, கூட்டத்துக்கே கேட்கும்படி, "அண்ணே, இதுல காத்மாண்டுன்னுலா கெடக்கு" என்றாள். சென்னைக்கு இரண்டு வரி கீழே இருக்கிறது நேபாளம். அங்கே நேரம் நம்மைவிடக் கால்மணி முந்தி.

எடுத்த தாலியைக் கீழே வைக்கக் கூடாது, அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். பிடித்திருந்தேன், பதினைந்து நிமிடம். மேளக்காரர்கள் முறை வைத்து அடித்தார்கள். வீடியோக்காரர் ஒரு நொடி விடவில்லை. கீழே போட்டுவிடாதீர்கள் என்று கோமதி இரண்டு முறை சொன்னாள். உண்மையான 9.05-க்கு நான் மூன்று முடிச்சு போட்டபோது யாரிடமும் அட்சதை மிச்சமில்லை. சமையல்கட்டிலிருந்து பொன்னி அரிசியை அள்ளி வந்து போட்டார்கள். கொஞ்சம் வலித்தது.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் இரு வீட்டிலும் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அழைப்பிதழில் "இந்திய நேரப்படி காலை" என்றுதான் அச்சடிக்கிறார்கள். வெளியாட்கள் அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலையா என்று கேட்பார்கள்.

"இல்ல, இங்க பக்கத்துல பனவடலிசத்திரம்தான்" என்பாள் கோமதி, என்னைப் பார்த்தபடி.