தாய்மாமனுக்கு ஒரே ஒரு கோடு

தொண்டாமுத்தூர்,
ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய மச்சான் வேலன் அவர்களுக்கு,

மாரப்பன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ராசம்மாளும் கல்யாணப் பெண் யுவஸ்ரீயும் சௌக்கியம். ஆற்றில் தண்ணீர் வருகிறதா, உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று அறிய ஆவல். நீங்கள் கோபமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கவலை வேண்டாம், எல்லாம் என் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டிப்போவில் முப்பது வருடம் பஸ்களுக்கு நேரம் குறித்தவனுக்கு ஒரு கல்யாணப் பட்டியல் பெரிய காரியமா என்று, நானே கிளவுடில் ஒரு கிராஃப் டேட்டாபேஸ் தொடங்கினேன். பயந்துவிடாதீர்கள், ஆளுக்கு ஒரு புள்ளி, ஒருவருக்கொருவர் உள்ள தொடர்புக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். எல்லாம் எங்கேயோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும், நாம் போனிலேயே படமாகப் பார்க்கலாம். நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் போட்டேன். யார் யாருக்குச் சொந்தம், யார் யாரோடு வேலை பார்த்தார், யார் வீட்டு விசேஷத்தில் யார் நின்றார் என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு, யாருக்குக் கோடு அதிகமோ அவருக்கே முதல் பத்திரிகை என்று வரிசைப்படுத்தினேன். பந்தல்காரர் ஜெரோம் முதலில் வந்தார். ஊரில் எல்லார் கல்யாணத்துக்கும் பந்தல் போட்டவருக்குக் கோட்டுக்கா பஞ்சம்? கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, சாமிக்குப் பத்திரிகை வைத்த கையோடு வெற்றிலை பாக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தட்டைத் தொடவே இல்லை.

"ஏனுங்க, தாய்மாமனுக்கு வெச்சுப்போட்டீங்களா?" என்றார்.

அங்கேயே போனை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் படத்தின் ஓரத்தில், விரலால் இழுத்து இழுத்துத் தேட வேண்டிய இடத்தில் இருந்தீர்கள். ராசம்மாளுக்கு அண்ணன் என்று ஒரே ஒரு கோடு. வரிசையில் முந்நூற்றுத் தொண்ணூறாவது ஆள். யுவஸ்ரீக்குக் காது குத்தும்போது அவள் உங்கள் மடியில் உட்கார்ந்துதான் அழுதாள். அந்தக் கோட்டைப் போட மறந்தது கம்ப்யூட்டர் இல்லை, நான்தான். வெட்கமாக இருக்கிறது மச்சான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெரோம் வீட்டில் நடந்தது சாயங்காலத்துக்குள் பொள்ளாச்சி வரை போய், சத்தியமங்கலத்தில் உங்கள் காதுக்கும் வந்துவிட்டதல்லவா? அவருக்குத்தான் தொடர்பு அதிகம் என்று படம் சொன்னதில் தப்பே இல்லை.

இப்போது எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன். உங்களிடமிருந்து யுவஸ்ரீக்குத் தடிமனான சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், வரிசையிலும் நீங்கள்தான் முதல். புதன்கிழமை சாவகாசமாகத் தட்டோடு வருகிறேன். நீங்கள் மாலை எடுத்துக் கொடுக்காமல் அவள் மணவறை ஏற மாட்டாள் என்பதால், நீங்கள் வருவீர்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். குலசாமி உங்கள் வீட்டில் எல்லாருக்கும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்,
மாரப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் படத்தை ஒருமுறை பார்த்தேன். என் புள்ளியைக் காணோம். யுவஸ்ரீக்கு அப்பா இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பெயர் திருத்துவதற்காகப் பாஸ்வேர்டை ராசம்மாளிடம் கொடுத்திருந்தேன். கேட்டால், "எங்கண்ணன் வந்து மணவறைல நிக்கட்டுங்க, அப்பறம் உங்களைச் சேத்திக்கலாம்" என்கிறாள். புதன் வரை தாங்காது மச்சான். இதைத் தபாலில் போடவில்லை, உங்கள் கதவிடுக்கில் செருகியது நானேதான். தட்டோடு வாசலில் நிற்கிறேன், கொஞ்சம் திறங்க.