ஊட்டிக்குப் பதினோரு பேர்

"தேதியைச் சொல்லு நைனா."

சம்பூர்ணம் இதைக் கேட்டதும் அம்மாவின் கையிலிருந்த குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது. அந்த வீட்டில் அப்பா அருணகிரியிடம் புடவை கேட்கலாம், செருப்பு கேட்கலாம், காலேஜ் ஃபீஸ்கூட கேட்டு வாங்கியாயிற்று. தேதி மட்டும் கேட்கக் கூடாது. அம்மா ஆதியம்மாள் மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைச் சொல்லி வருகிறாள். கேட்டால் அவருக்குக் கோபமெல்லாம் வராது. "பாக்கலாம்" என்பார். அவர் அப்படிச் சொன்ன புழக்கடைச் சுவர் பதினாறு வருஷமாக இடுப்பு உயரத்தில் நிற்கிறது.

"பாக்கலாம்மா" என்றார் அருணகிரி.

"இதுல பாக்கறதுக்கு இன்னா கீது? பதினஞ்சாம் தேதி மதியத்துக்குள்ள ஊட்டி ஆபீஸ்ல போய் நிக்கணும். நிக்கலன்னா வேல போச்சு. கவர்மெண்டு உனக்காகப் பாத்துகினு இருக்குமா?"

எழுபத்து நாலாம் வருஷம் மே மாதம். செங்கல்பட்டில் கத்திரி வெயில். அந்தக் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டவர்களே நாலு பேர், அதில் பி.ஏ. என்று சேர்த்துப் போட்டவள் சம்பூர்ணம் ஒருத்திதான். பரீட்சை எழுதி, இளநிலை உதவியாளர் வேலைக்கு ஆர்டரும் வாங்கிவிட்டாள். அந்த ஆர்டரை அருணகிரி கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டதால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வயசுப் பெண் தனியாகப் போவதால் சரி என்றும் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்: குடும்பமாகக் கிளம்பி, மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே அவளை ஆபீஸில் இறக்கிவிட்டு வருவது.

அதுவரை அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட விழுப்புரத்தைத் தாண்டியதில்லை.

செய்தி காதில் விழுந்ததும் அருணகிரியின் அக்கா செங்கம்மாள் மகன் கேசவனோடு வந்து இறங்கினாள். பி.யூ.சி.யை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தப்பவிட்டவன் கேசவன். சம்பூர்ணத்தை அவனுக்குக் கட்டி வைப்பது என்று அத்தை எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அதில் சம்பூர்ணத்தின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

கேசவன் காலண்டர் அட்டையிலிருந்த தமிழ்நாட்டு வரைபடத்தைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தான். கட்டை விரலால் அளந்தான்.

"மொதல்ல மாவலிவரம், கடலப் பாக்கறோம். அப்பால பாண்டிச்சேரி. அப்பால கொடைக்கானல். அங்கேர்ந்து ஊட்டி அர வெரலு."

"அர வெரலுன்னா எத்தினி மைல்?" என்றாள் சம்பூர்ணம்.

"போனா தெரிஞ்சிடும்."

அத்தை அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். "ஆதி, அஞ்சு நாளுக்குப் புளிச்சோறு தாங்காது. ஸ்டவ்வு, அரிசி மூட்ட, சின்ன அம்மி எடுத்துக்கோ. வழில நெழலு கண்ட எடத்துல பொங்கிடு. ஓட்டல் சோறு எனக்கு ஆவாது."

"சரிங்க" என்றாள் ஆதியம்மாள். பிறகு குழம்பைக் கிளறிக்கொண்டே, "என்னிக்குக் கெளம்பறீங்க?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கெழம" என்றாள் அத்தை.

"வெள்ளிக்கெழம மேற்கால சூலமாச்சே. ஊட்டி மேற்காலதான கீது?"

அருணகிரி திடுக்கிட்டார். திசை பார்க்காமல் அவர் முடிவெட்டிக்கொள்ளக்கூடப் போனதில்லை.

"அப்ப வியாழன்" என்றான் கேசவன்.

"தெக்கால சூலம்."

"சனி?"

"கெழக்கால சூலம். மொதல்ல கடலுக்குத்தான போறீங்க?"

கேசவன் படத்தைத் தலைகீழாகத் திருப்பினான். முதலில் மலை, திரும்பும்போது கடல் என்று வழியை மாற்றினான். திரும்புகிற நாளுக்கும் ஒரு சூலம் வந்து நின்றது. ஒரு கட்டத்தில் வெல்லம் தின்றுவிட்டுக் கிளம்பினால் மேற்குச் சூலம் ஒன்றும் செய்யாது என்றான். தனக்குச் சர்க்கரை வியாதி, தன்னைக் கொல்லப் பார்க்கிறானா என்று அத்தை அழ ஆரம்பித்தாள்.

சம்பூர்ணத்துக்கு எரிந்தது. அப்பா இழுத்தடிப்பார், தெரிந்ததுதான். அம்மா எதற்குக் கூடச் சேர்ந்து கட்டை போடுகிறாள்? அடுப்படியில் போய் மறித்தாள்.

"உனக்கு நான் வேலைக்குப் போறது புடிக்கலியா? நேரா சொல்லிடு."

"சாதத்த வடிக்கணும், தள்ளு" என்றாள் அம்மா.

ஒரு வழியாகத் திங்கட்கிழமை, பதிமூன்றாம் தேதி என்று முடிவாயிற்று. அதற்குள் சொந்தக்காரர்களும் சேர்ந்து ஆள் கணக்கு பதினோரு பேராகிவிட்டது. காரில் அடங்காது, வேன் வேண்டும். வேனுக்கும் அம்மாதான் ஆள் சொன்னாள். மாமல்லபுரத்தில் தாண்டவராயன் என்று ஒருவர். காலையில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வருவார், அப்புறம் வண்டி சும்மாதான் நிற்கும்.

"மீன் வண்டியா?" என்றாள் அத்தை.

"கழுவிட்டா போயிடும்ங்க. எதுக்கும் புதன்கெழம மாவலிவரம் வரைக்கும் ஒரு வெள்ளோட்டம் போய்ட்டு வந்துடலாம். அன்னிக்குக் கெழக்கால தோஷம் இல்ல."

அம்மாவின் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு என்று சம்பூர்ணமும் ஒத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் பதினோரு பேரும் வேனில் ஏறினார்கள். தாண்டவராயன் உண்மையிலேயே கழுவியிருந்தார். கழுவியதில் வாசனை ஈரமாகி, வெயிலில் வெந்து, உயிரோடு எழுந்து உட்கார்ந்திருந்தது. திருக்கழுக்குன்றம் போவதற்குள் அத்தை சேலைத் தலைப்பை மூக்கில் திணித்துக்கொண்டாள்.

"வெறும் வயிறா இருந்தா அப்டிதான் பொரட்டும்" என்று அம்மா தூக்குவாளியைத் திறந்தாள். அவித்த முட்டையும் வறுத்த நெத்திலிக் கருவாடும். ஆளுக்கு ஒரு கை நிறைய, அன்போடு, மறுக்க மறுக்கக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு முன்பக்கம் குனிந்து, "அண்ணாத்த, மலைல வளைவு ரொம்ப இருக்குமா?" என்றாள்.

"மலைன்னா வளைவுதாம்மா" என்றார் தாண்டவராயன். "இந்தாண்ட ஒரு ஒடி, அந்தாண்ட ஒரு ஒடி. கீழ பாத்தா பள்ளம். நாலு மணி நேரம் அப்டியே சுத்திகினு போவும். இப்புடி."

அவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துக் காட்டினார். முதலில் வாந்தி எடுத்தவன் கேசவன். ஜன்னல் வரைக்கும் அவனால் போக முடியவில்லை. அது அத்தையின் மடியில் விழுந்ததும் அத்தையும் எடுத்தாள். அதன் பிறகு அந்த வண்டியில் வரிசை பார்க்க நேரமில்லை.

மாமல்லபுரத்தில் ஒருவரும் ரதத்தையோ சிற்பத்தையோ பார்க்கவில்லை. சவுக்குத் தோப்பு நிழலில் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். ஆதியம்மாள் மட்டும் மணலில் தனியாக உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி மீதி முட்டையைத் தின்றாள். திரும்பும்போது வேனில் ஏறியவர்கள் அம்மாவும் மகளும் மட்டுமே. மற்றவர்கள் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள்.

வியாழனன்று நாலு பேர் ஊட்டிக்கு வரவில்லை என்றார்கள். வெள்ளியன்று மூன்று பேர். சனிக்கிழமை அருணகிரிக்கே முழங்கால் பிடித்துக்கொண்டது.

ஞாயிறன்று அத்தை புது வழி ஒன்று சொன்னாள். "கேசவன் கூட்டிகினு போய் வுட்டுட்டு வரட்டும். கட்டிக்கப் போறவன்தான?"

சம்பூர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் தயாராக இருந்தாள். வழியில் விழுப்புரத்தில் அவனை டீ குடிக்க இறக்கிவிட்டுப் பஸ்ஸோடு போய்விடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தாள். அம்மா அதிலும் மண்ணைப் போட்டாள்.

"தாலி கட்டாம ரெண்டு பேரும் ஒண்ணா ஊரு வுட்டுப் போனா, நாளைக்குத் தெருவுல தல காட்ட முடியுமா?"

அருணகிரி உடனே தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான். வேல போனா போவுது சம்பூர்ணம். வைகாசி கடசில நல்ல முகூர்த்தம் ஒண்ணு கீது."

இதற்கு மட்டும் அவரிடம் தேதி இருந்தது.

திங்கட்கிழமை மதியம் சம்பூர்ணம் டிரங்குப் பெட்டியில் நாலு புடவை, சான்றிதழ்கள், ஆர்டர், டியூஷன் எடுத்துச் சேர்த்த அறுபது ரூபாய் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டினாள். பெட்டியோடு கூடத்துக்கு வந்தபோது அருணகிரி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி இன்னாத்துக்கு?"

"ஊட்டிக்கு."

"சாயந்தரம் பேசிக்கலாம், உள்ள வை."

"பேச வேண்டியதெல்லாம் ஒன்ற வாரமா பேசியாச்சு நைனா. நான் போய்ச் சேந்து லெட்டர் போடறேன். கல்யாணம் வேணும்னா, கேசவனுக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லு."

அருணகிரி தைலக் கையோடு எழுந்து, "ஆதி, இங்க வா, உன் பொண்ணு இன்னா பண்றா பாரு" என்று அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார். பதில் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவள் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிப் போயிருந்தாள். போகிறவளை நின்று பார்க்கக்கூட அம்மாவுக்கு மனமில்லை என்று சம்பூர்ணம் ஒரு கணம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அடுத்த கணம் கோபம் வந்து அதைத் தூக்கிக்கொண்டாள். படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் கோயமுத்தூர் எக்ஸ்பிரஸ் புறப்பட இன்னும் கால் மணி நேரம். டிக்கெட் கவுண்டரில் அடுத்த தெரு ஞானதாஸ் உட்கார்ந்திருந்தார். சம்பூர்ணம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பணத்தை நீட்டினாள்.

"கோயமுத்தூர் ஒண்ணு."

ஞானதாஸ் பணத்தை வாங்கவில்லை. முன்பதிவு நோட்டைப் புரட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"உனக்கு எதுக்கும்மா டிக்கெட்டு? போன செவ்வாக்கெழமையே உங்கம்மா வந்து ரெண்டு சீட்டு எழுதிகினு போச்சு. சமைக்காத ஊரு ஒண்ணு பாக்கணும், ஜன்னலாண்ட சீட்ட மட்டும் பொண்ணு கேட்டாலும் குடுக்காதன்னு சொல்லிட்டு, மதியத்துலேர்ந்து வண்டில ஏறி உக்காந்துகினு கீது."